கரகரத்த குரல் சபைக்குள் எங்கிருந்து வந்தது?

கேள்வி: 11 ஜனவரி 2025

எங்கள் சபை வாலிபர் குழுவில் பாடுகிறேன். அமெரிக்க கிறிஸ்தவ ராக் பாடகர் ஸாக் வில்லியம்ஸ், நீட்டுபிரீத் என்ற குழு இவர்களைக் கேட்டுக் கேட்டு அதே மாதிரி கரகரவென்று பாடிப் பார்த்தேன். கொயர் மாஸ்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். இது ராக் கச்சேரிக் குரல், உலகத்திலிருந்து சபைக்குள் புகுந்தது, ஆராதனைக்கு ஆகாது என்கிறார். அவர் சொல்வது சரியா? அப்புறம், இந்தக் குரலை எப்படி வரவழைப்பது என்று தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.

11 ஜனவரி, இரவு 10.40

தம்பி, உங்கள் கொயர் மாஸ்டர் கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். அந்தக் குரல் சபையிலிருந்துதான் வெளியே போனது. ராக் இசை என்று ஒன்று பிறப்பதற்கு இருபத்தைந்து வருஷம் முன்பே அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் சபைகளிலும் தெருமுனைகளிலும் அந்தக் குரலில்தான் இயேசுவைப் பாடினார்கள்.

ஒரே ஒரு பெயர் சொல்கிறேன், தேடிக் கேளுங்கள்: பிளைண்ட் வில்லி ஜான்சன். டெக்சாஸ்காரர், கண் தெரியாதவர். 1927 முதல் 1930 வரை கொலம்பியா கம்பெனிக்கு முப்பது பாட்டு பதிவு செய்தார். முப்பதும் பக்திப் பாட்டு. ஊர் ஊராகப் போய்த் தெருவில் நின்று கிட்டார் வாசித்துப் பாடிப் பிழைத்தவர். அந்தத் தொண்டையைக் கேட்டால் ஜல்லி அரைக்கிற சத்தம் மாதிரி இருக்கும், ஆனால் சுருதி இம்மி விலகாது. அவருடைய பாட்டு ஒன்றை நாஸா 1977-இல் வாயேஜர் விண்கலத்தின் தங்க இசைத்தட்டில் வைத்து அனுப்பியது. இன்றைக்கு சூரிய மண்டலத்தின் ஓரத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. உலகத்திலிருந்து சபைக்குள் வந்த குரலா அது? சபையிலிருந்து உலகத்தையே தாண்டிப் போன குரல்.

12 ஜனவரி, மதியம்

ஆராதனை முடிந்து வந்து மறுபடி கேட்டேன். நேற்று எழுதியதில் ஒரு திருத்தம் இருக்கிறது.

வாயேஜரில் போன பாட்டில் அந்தக் கரகர கர்ஜனை கிடையாது. 1927 டிசம்பர் 3-ஆம் தேதி டல்லாஸில் பதிவானது. அதில் அவர் சொற்களே பாடவில்லை, வெறும் முனகல்தான். கிட்டார் ஒரு வரி அழ, அவர் குரல் அதன் பின்னால் அழுகிறது. கெத்செமனே தோட்டத்தில் இயேசு ஜெபித்த இரவைப் பற்றி தாமஸ் ஹாவிஸ் என்ற ஆங்கிலேயப் போதகர் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய பாமாலையின் முதல் வரிதான் அதன் தலைப்பு. தலைப்பு மட்டும் இருக்கிறது, வரிகளைக் காணோம். வியர்வை இரத்தத் துளிகளாய் விழுந்த இடத்தில் என்ன வார்த்தையைப் பாடுவது? எனக்குத் தெரிந்து கெத்செமனேயைப் பற்றி இதைவிட நெருக்கமான பாட்டு இல்லை.

கர்ஜனை கேட்க வேண்டும் என்றால் 1930-இல் அட்லாண்டாவில் பதிவான, வெளிப்படுத்தின விசேஷம் எழுதிய யோவானைப் பற்றிய பாட்டைக் கேளுங்கள். ஜான்சன் கேள்வி கேட்டுப் பாடுவார், வில்லி பி. ஹாரிஸ் என்ற பெண் பதில் பாடுவார். ஆணின் குரல் கரடு, பெண்ணின் குரல் தெளிந்த தண்ணீர்.

12 ஜனவரி, இரவு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அதுதான் எனக்கு முக்கியம், ஏனென்றால் நான் அடிபட்ட இடம் அது.

பெட்ரா என்று ஒரு அமெரிக்க கிறிஸ்தவ ராக் குழு உண்டு, 1972-இல் இண்டியானா மாநிலத்தின் ஃபோர்ட் வெயினில் தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில் அவர்களுக்கு கிரெக் எக்ஸ். வோல்ஸ் என்பவர் பாடினார், வழவழப்பான குரல். 1986-இல் ஜான் ஷ்லிட் வந்தார். அதற்கு முன் ஹெட் ஈஸ்ட் என்ற ராக் குழுவில் பாடியவர். போதையில் விழுந்து, அந்தக் குழுவையும் இழந்து, அப்புறம் மனந்திரும்பியவர். உச்ச ஸ்தாயியில், தொண்டையைக் கிழித்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு சத்தம். 1991-இல் வளைகுடாவிலிருந்து வந்த ஓர் அண்ணன் கொடுத்த கேசட்டில் அந்தக் குரலைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு பைத்தியமே இல்லை. பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்ச் சபையில் வாலிபர் குழு, ஒரு கீபோர்டு, ஒரு கிட்டார், ஓட்டை சவுண்ட் செட். எனக்கு வயது பத்தொன்பது.

அந்தக் குரலை எப்படி வரவழைப்பது என்று ஒருவரிடம் கேட்டேன். இசை கற்றுக்கொடுப்பவர்தான், பெயர் வேண்டாம். "அடித்தொண்டையை இறுக்கிக் கத்து, ரெண்டு மாசத்தில் காய்த்துவிடும்" என்றார். உள்ளங்கை காய்ப்பது போலத் தொண்டையும் காய்க்கும் என்று நானும் நம்பினேன். தினமும் மொட்டை மாடியில் கத்தினேன். டிசம்பர் வந்தது, கேரல் ரவுண்ட்ஸ் பதினோரு ராத்திரி, பனியில் வீடு வீடாகப் பாட்டு. கிறிஸ்துமஸ் காலையில் பேச்சே வரவில்லை.

சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை எல்லாம் அம்மா கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பிப்ரவரியில் காது மூக்கு தொண்டை டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்து, குரல் நாண்கள் இரண்டிலும் எதிர் எதிராக முடிச்சு இருக்கிறது என்றார். ஆக, காய்த்தது உண்மைதான். அந்தக் காய்ப்புதான் நோய்.

மூன்று மாதம் பாடக் கூடாது, கிசுகிசுத்தும் பேசக் கூடாது. கிசுகிசுப்பு தொண்டைக்கு நல்லது என்று நாம் நினைக்கிறோம், பல பேருக்கு அது நாண்களை இன்னும் இறுக்கும். பிறகு பேச்சுப் பயிற்சி. குரல் திரும்பி வந்தது, ஆனால் மேலே இருந்த நாலு சுரம் வரவில்லை. முப்பது வருஷம் ஆகிவிட்டது, இன்னும் வரவில்லை. கொயரில் இப்போது பேஸ், அதாவது கீழ்க்குரல், பாடுகிறேன்.

14 ஜனவரி

அப்படியானால் ஷ்லிட்டுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை, எழுபது வயது தாண்டியும் பாடுகிறாரே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அதற்கு விடை தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

குரல்வளைக்குள் இரண்டு அடுக்கு இருக்கிறது. கீழே இருப்பது உண்மையான குரல் நாண்கள், சுரம் பிறக்கும் இடம். பேசும்போதே ஆண்களுக்கு விநாடிக்கு நூறு தடவைக்கு மேல் மோதிக்கொள்ளும். அதற்கு நேர் மேலே இன்னொரு ஜோடி மடிப்பு, பொய் நாண்கள் என்பார்கள். சாதாரணமாகப் பாடும்போது அவை சும்மா ஒதுங்கி நிற்கும். கரகரப்பைப் பாதுகாப்பாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் மேலே உள்ள மடிப்புகளையும் அதைச் சுற்றிய தசைகளையும் லேசாக அதிர விடுகிறார்கள், கீழ் நாண்கள் தங்கள் வேலையைச் சுத்தமாகச் செய்துகொண்டிருக்கும். மங்கோலியாவுக்குப் பக்கத்தில் ரஷ்யாவின் துவா பகுதிக்காரர்கள் கார்கிரா என்று ஒன்று பாடுவார்களே, அதிலும் பொய் நாண்கள்தான், கீழ் நாண்கள் இரண்டு தடவை அதிரும்போது மேலே ஒரு தடவை, அதனால் ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு குரல் கேட்கும். வில்லி ஜான்சனின் கர்ஜனையும் இந்த வகை என்றுதான் என் காதுக்குப் படுகிறது.

நான் செய்தது இதற்கு நேர் எதிர். கீழ் நாண்களையே ஒன்றோடு ஒன்று நசுக்கினேன்.

சோதனை சுலபம் தம்பி. பாடி முடித்ததும் சாதாரணமாகப் பேசிப் பாருங்கள். பேச்சுக் குரல் தெளிவாக இருந்தால் சரி. கம்மிப்போயிருந்தால் தப்பு, அன்றைக்கு நிறுத்துங்கள். மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் போகவில்லை என்றால் கஷாயத்தில் நாள் கடத்த வேண்டாம், டாக்டரிடம் போங்கள். குடிப்பது எதுவும் குரல் நாண் மேல் படாது, அது உணவுக்குழாய் வழியே போய்விடும். ஆவி பிடித்தால்தான் படும். இதை அன்றைக்கே யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

ராக் உலகத்தில் பெரிய ஆட்களே இதற்குத் தப்பவில்லை. ஏரோஸ்மித் குழுவின் ஸ்டீவன் டைலர் 2023 செப்டம்பரில் மேடையில் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டார், குரல்வளையில் முறிவு என்று அப்புறம் தெரிந்தது. 2024 ஆகஸ்டில் அந்தக் குழு இனிச் சுற்றுப்பயணமே இல்லை என்று அறிவித்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கும் மேல் பாடிய மனிதர்.

15 ஜனவரி

பொங்கல் விடுமுறை, நேரம் இருக்கிறது. சபையிலிருந்து ராக் வரை அந்தக் குரல் நடந்த பாதையை எழுதச் சொல்லிக் கேட்டார்கள்.

மிஸிஸிப்பியில் பைனி வுட்ஸ் என்ற பள்ளியில் படித்த பார்வையற்ற பையன்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்தார்கள், ஃபைவ் பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் மிஸிஸிப்பி. அதன் முன்னணிப் பாடகர் ஆர்ச்சி பிரவுன்லீ. 1950-இல் பரமண்டல ஜெபத்தைப் பாடிப் பதிவு செய்தார்கள். நாம் ஞாயிறுதோறும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற அந்த ஜெபம்தான். அதன் நடுவே பிரவுன்லீ ஓர் அலறல் விடுவார். வலி வந்தவன் போடுகிற அலறல், ஆனால் சரியான சுரத்தில் வந்து இறங்கும். 1960-இல் நியூ ஆர்லியன்ஸில் இறந்துபோனார், முதுமையைப் பார்க்கவே இல்லை. பாடகர் ரே சார்லஸ் அந்த அலறலை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார். சபையில் கேட்ட அந்த முறையைக் காதல் பாட்டுக்குக் கொண்டுபோனதற்கு ரே சார்லஸை அன்றைய விசுவாசிகள் பலர் திட்டினார்கள் என்பதையும் கவனியுங்கள். சபையின் சொத்தை உலகத்துக்குக் கொண்டுபோகிறான் என்பதுதான் அவர்கள் புகார். உங்கள் கொயர் மாஸ்டரின் புகார் இதைத் திருப்பிப் போட்டது.

ரே சார்லஸிடமிருந்து இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஒரு இளைஞர் எடுத்துக்கொண்டார், ஜோ காக்கர். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் கையை முறுக்கிக்கொண்டு அவர் பாடியதைப் பார்க்காதவர்கள் இப்போதாவது பாருங்கள். அவருடைய மிகவும் மென்மையான பாட்டை எழுதியவர்களில் ஒருவர் பில்லி பிரெஸ்டன், சிறுவயதிலேயே சபையில் ஆர்கன் வாசித்து வளர்ந்தவர்.

இன்னொரு கிளை. ஜூலியஸ் சீக்ஸ், சென்சேஷனல் நைட்டிங்கேல்ஸ் குழு, பிரசங்கிக் குரல். அவரைக் கேட்டு வளர்ந்தவர் வில்சன் பிக்கெட், அவரும் சபைக் குழுவில் பாடிவிட்டுத்தான் சோல் இசைக்குப் போனார்.

அப்புறம் லிட்டில் ரிச்சர்ட். ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் ஊர். 1957-இல் புகழின் உச்சியில் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தின் நடுவே ராக் வேண்டாம் என்று விட்டுவிட்டு, அலபாமாவில் ஓக்வுட் கல்லூரியில் வேதம் படிக்கப் போனார். சில வருஷம் பக்திப் பாட்டு மட்டும் பாடினார். 1962-இல் இங்கிலாந்து வந்து மறுபடி ராக் பாடத் தொடங்கியபோது அவருக்கு முன்னால் பாடிய உள்ளூர்ப் பையன்கள் பீட்டில்ஸ். பால் மெக்கார்ட்னி அவருடைய அலறலை அப்படியே பிடித்துக்கொண்டார். போவதும் வருவதுமாக ஒரே மனிதரின் தொண்டைக்குள்ளேயே இந்த வழக்கு நடந்திருக்கிறது.

15 ஜனவரி, சற்று நேரம் கழித்து

பாப் டிலனை விட்டுவிட்டீர்களே என்கிறார் ஒருவர். அவருடையது மூக்குக் குரல், கரகரப்பு அப்புறம் வயதோடு வந்தது. ஆனாலும் 1979-இல் மனந்திரும்பிப் பாடிய முதல் ஆல்பத்திலிருந்து ராக் பாடகருக்கான கிராமி விருது கிடைத்தது, அதுவும் யாராவது ஒருவரைச் சேவித்துத்தான் ஆக வேண்டும் என்கிற பாட்டுக்கு. அந்த நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பழைய பாட்டு ஒன்றுகூடப் பாடாமல் பக்திப் பாட்டு மட்டும் பாடினார். காசு கொடுத்து வந்தவர்கள் சிலர் கூச்சல் போட்டார்கள். அவர் நிறுத்தவில்லை. அது எனக்குப் பிடிக்கும்.

19 ஜனவரி

நான்கு நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது.

நான் எழுதிய பாதை மிக நேராக இருக்கிறது. சபையில் கரகரப்பு, அதிலிருந்து ராக்கில் கரகரப்பு என்று. ராக் உலகில் அதிகம் கரகரத்த குரல் யாருடையது என்று கேட்டால் பாதிப் பேர் ராட் ஸ்டூவர்ட் என்பார்கள். அவர் தன் குரு என்று யாரைச் சொல்கிறார்? சாம் குக்கை. சாம் குக்கின் குரலில் ஒரு சொரசொரப்புக் கிடையாது, பட்டு. அவரும் சபைக்காரர்தான், போதகரின் மகன், சோல் ஸ்டிரர்ஸ் என்ற பக்திக் குழுவில் இளைஞனாகச் சேர்ந்தவர். சுற்றிலும் அலறுகிறவர்களுக்கு நடுவே நின்று அலறாமல் பாடி அதே ஜனங்களை அழ வைத்தவர். ஆகவே சபை கொடுத்தது கரகரப்பை மட்டும் என்று சொல்ல முடியாது. ஸ்டூவர்ட் வழவழப்பைக் கேட்டார், அவர் தொண்டையில் அது வேறாக வந்தது. 2000-இல் தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை செய்து, பாடவே முடியாமல் போய், மறுபடி அடியிலிருந்து பாடிப் பழகினார். திரும்பி வந்த குரலும் கரகரப்புத்தான்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். கரகரத்த குரலைக் கேட்டதும் இவன் பட்டவன், பொய் சொல்ல மாட்டான் என்று நம்பிவிடுகிறோம், நானும்தான். அது நியாயமில்லை. கரகரப்பு ஒரு சத்தம், அதைப் பழகிக்கொள்ளலாம். தெளிவான குரலில் பாடுகிற அக்காவின் விசுவாசம் எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

20 ஜனவரி

இப்போது பாடுகிறவர்களைப் பற்றியும் கொஞ்சம்.

மேக் பவல், தர்ட் டே குழு, ஜார்ஜியாவின் மேரியட்டா. கனத்த, தேன் கலந்த கரகரப்பு. அவர் கத்தியே நான் கேட்டதில்லை, கீழ் ஸ்தாயியில் நிற்பார், தேவையான இடத்தில் மட்டும் ஒரு உரசல். 2018-இல் கொலராடோவின் ரெட் ராக்ஸ் அரங்கில் கடைசிக் கச்சேரியோடு குழு கலைந்தது. தம்பி, நீங்கள் முன்மாதிரி தேடினால் முதலில் இவரைக் கேளுங்கள்.

நீட்டுபிரீத் குழுவின் பாடகர் பியர் ரைன்ஹார்ட், தென் கரோலினா, போதகர் வீட்டுப் பிள்ளை. கிங்ஸ் ஆஃப் லியோன் குழுவின் கேலப் ஃபாலோவில்லும் போதகர் வீட்டுப் பிள்ளைதான், பெந்தெகொஸ்தே ஊழியரான அப்பா ஊர் ஊராகப் பிரசங்கிக்க, காரின் பின்சீட்டில் வளர்ந்தவர்கள் அந்த அண்ணன் தம்பிகள். ஒருவர் சபைப் பக்கம் நின்றார், ஒருவர் வெளியே போய்விட்டார். இரண்டு குரலையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே தெருவில் வளர்ந்த மாதிரி இருக்கிறது.

ஸாக் வில்லியம்ஸ் வேறு விதம். அர்கன்ஸாவின் ஜோன்ஸ்பரோ. அவருடைய ராக் குழு ஸ்பெயினில் சுற்றுப்பயணம் போனபோது பேருந்து ரேடியோவில் ஒரு கிறிஸ்தவப் பாட்டு கேட்டு, ஊர் திரும்பி, குழுவை விட்டுவிட்டார். முதல் தனி ஆல்பத்துக்கு 2018-இல் கிராமி. அவர் குரலை மாற்றிக்கொள்ளவில்லை. மதுக்கடை மேடையில் பாடிய அதே தொண்டையோடு சபைக்குள் வந்தார். கொயர் மாஸ்டர் சொல்வது இவர் விஷயத்தில் ஓரளவு சரி, உலகத்திலிருந்து வந்த குரல்தான். ஆனால் உலகத்துக்கு அதைக் கொடுத்தது யார் என்று மேலே எழுதிவிட்டேன். வீட்டை விட்டுப் போனவன் திரும்பி வந்தால் வாசலில் நிறுத்தி வைத்து விசாரிப்பதா?

26 ஜனவரி, இரவு

ஒருவர் தனியாகக் கேட்டார், இந்த விஷயத்தில் உங்களுக்கு ஏன் இவ்வளவு சூடு என்று. யோசித்தேன். காரணம் அப்பா.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிறு ஆனால் சைக்கிளில் சுற்றுக் கிராமங்களுக்குப் போய் ஜெபக்கூட்டம் நடத்துவார், சம்பளம் இல்லாத ஊழியம். ஐம்பது அறுபது பேர், பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது, பாட்டுப் புத்தகமும் கிடையாது. கீர்த்தனையின் ஒரு வரியை அப்பா உரக்க எடுத்துக் கொடுப்பார், ஜனங்கள் திருப்பிப் பாடுவார்கள், அடுத்த வரி. மைக் கிடையாது, கொட்டகை, வெளியே காற்று. அவருடைய குரல் கரகரவென்று, சரளைக் கல் மேல் வண்டி ஓடுகிற மாதிரி இருக்கும். ஆயிரக்கணக்கான வரிகளை எடுத்துக் கொடுத்துக் கொடுத்தே அவர் தொண்டை போய்விட்டது என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

பல வருஷம் கழித்துப் படித்தேன், அமெரிக்கக் கறுப்பினச் சபைகளிலும் இதே முறைதான். புத்தகம் இல்லாத, படிக்க விடப்படாத ஜனங்களுக்கு மூப்பர் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார், சபை இழுத்து இழுத்துத் திருப்பிப் பாடும். இங்கிலாந்திலிருந்து போன பழக்கம், அங்கே வேறு உருவம் எடுத்தது. வில்லி ஜான்சனின் முனகல் அதிலிருந்து வந்தது. அவரும் மைக் இல்லாமல் தெருச் சத்தத்துக்கு மேலே பாடியவர். ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் கரகரப்பு ஒரு கருவி, இரைச்சலைக் கிழித்துக்கொண்டு போகும். 1945-இல் பியூமாண்டில் வீடு தீப்பிடித்தது, அந்த எரிந்த வீட்டுக்குள்ளேயே ஈரப் படுக்கையில் படுத்து நிமோனியா வந்து செத்தார் என்று மனைவி சொல்லியிருக்கிறார்.

முதன்முதலில் அவரைக் கேட்ட ராத்திரி எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. அப்பா அப்போது இல்லை. ஆகவே யாராவது அந்தக் குரல் ஆராதனைக்கு ஆகாது என்றால் எனக்குப் பொறுக்காது. பாரபட்சம்தான், தெரிந்தே வைத்திருக்கிறேன்.

2 பிப்ரவரி

தம்பி எழுதியிருக்கிறார், மேக் பவலைக் கேட்டுவிட்டுத் தன் பாட்டை இரண்டு கட்டை இறக்கிப் பாடிப் பார்த்தாராம், தொண்டை வலிக்கவில்லையாம், கொயர் மாஸ்டரும் ஒன்றும் சொல்லவில்லையாம். சந்தோஷம். மானிட்டர் ஸ்பீக்கரை உங்கள் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். தன் குரல் தனக்குக் கேட்காதவன்தான் கத்துவான்.

9 பிப்ரவரி

கடைசியாக ஒரு திருத்தம்.

வில்லி ஜான்சன் 1929-இல் நியூ ஆர்லியன்ஸில் பதிவு செய்த பாட்டு ஒன்று இருக்கிறது, வெளிச்சம் என்மேல் பிரகாசிக்கட்டும் என்று வேண்டுகிற பாட்டு. இத்தனை வருஷமும் அதை நான் சரியாகக் கவனித்ததில்லை. ஆரம்பத்தில் அவர் சாதாரண ஆண் குரலில் பாடுகிறார், தெளிவாக, இனிமையாக. போகப் போகத்தான் அந்தக் கர்ஜனைக்குள் இறங்குகிறார். அந்த மனிதருக்கு நல்ல குரல் இருந்திருக்கிறது. கரகரப்பு அவருக்கு நேர்ந்தது இல்லை, அவர் எடுத்துக்கொண்டது.

அதைக் கேட்டதும் அப்பாவின் கேசட்டைத் தேடினேன். 1988-இல் ஒரு கன்வென்ஷனில் யாரோ டேப் ரெக்கார்டரில் பிடித்தது, பூஞ்சை பிடித்துக் கிடந்தது, இங்கே ஒரு பையன் துடைத்துக் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். நேற்று இரவு அம்மாவையும் உட்கார வைத்துக் கேட்டேன். முதல் சரணத்தில் அப்பாவின் குரல் தெளிவாக இருக்கிறது. நான் அறிந்த குரலே இல்லை. இரண்டாவது சரணத்தில் ஜனங்கள் சேர்ந்துகொள்கிறார்கள், கைத்தாளம், குழந்தை அழுகை, அப்போதுதான் அந்தச் சரளைக்கல் வருகிறது.

பிரசங்கம் பண்ணிப் பண்ணித்தானே அப்பாவுக்குத் தொண்டை போனது என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"போகவும் இல்ல, ஒண்ணும் இல்ல. வீட்ல உன்னைத் தூங்க வைக்கப் பாடுவாகள்லா, அப்ப அவுகளுக்கு அந்தக் குரலே கிடையாது."